பத்து நிமிஷத் திருத்தம்

+
நெய்வேலி, வட்டம் 19
17.7.2016

அன்புள்ள அக்காவுக்கு,

சோபியா எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் ஆண்டவர் கிருபையில் சுகம். அப்பாவுக்கு மட்டும் முட்டிவலி. சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ராஞ்சியில் மழை உண்டா? கன்னியர் மடத்தில் பயிற்சியில் இருக்கும் நாவிஸ்களுக்குப் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்பதால் ஒரு மாதக் கதையையும் இதிலேயே கொட்டப் போகிறேன். எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் மதர் அவர்களுக்கும் தோத்திரம். மதர், என் கோழிக்கிறுக்கலை மன்னிக்கவும்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீரியல் பேப்பரில் ஃபெயில். எழுபத்தைந்துக்கு முப்பது வாங்கினால் பாஸ். நான் வாங்கியது இருபத்திரண்டு. வகுப்பில் முப்பத்து நாலு பேரில் இருபத்தொரு பேர் காலி! ஆகாமல் என்ன செய்யும்? நூலகத்தில் ஒரே ஒரு இங்கிலீஷ் புத்தகம், வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், அதிலும் நடுவில் நாற்பது பக்கத்தை எவனோ கிழித்துவிட்டான். பரீட்சையைத் தமிழில் எழுதலாமாம், படிக்கத்தான் தமிழில் புத்தகம் கிடையாதாம். இது எந்த ஊர் நியாயம்?

அப்பா வழக்கம்போல் கூடத்தில் மாட்டியிருக்கும் உன் படத்தைக் காட்டினார். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, கையில் சுருட்டிய காகிதத்தோடு நீ நிற்கிறாயே, அதை. “உங்க அக்காவும் இதே காலேஜுலதான் இதே ஜியாலஜி படிச்சா. ஒரே மூச்சுல முடிச்சுட்டு மடத்துக்குப் போனா. வூட்டுல மொத பட்டதாரி! நீ இன்னா பண்ணிக்கினு இருக்கறே?” என்றார். நவம்பரில் ஒரு வாய்ப்பு, ஏப்ரலில் ஒரு வாய்ப்பு. அதற்குள் இந்தப் பேப்பரை முடிக்காவிட்டால் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பமே தர மாட்டார்கள். “அப்புறம் தையல் கிளாஸ்தான்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது என்பது உனக்குத் தெரியும்.

இப்போது நல்ல செய்தி! போன வருஷம் சேர்ந்த மணிமொழி மேடம் கம்ப்யூட்டரில் ஒரு புத்தகம் காட்டினார். நிலத்தடி நீரைப் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதியது, பன்னிரண்டு பாடம், முழுக்க இலவசம். அது மட்டுமில்லை அக்கா. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், யாரையும் கேட்க வேண்டாம். நிபந்தனை இரண்டே இரண்டு. உழைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். எதையாவது மாற்றியிருந்தால், மாற்றியிருக்கிறோம் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று எனக்கு ஒரு நாள் முழுக்கத் தூக்கமே வரவில்லை.

நான் அதைத் தமிழில் போடப் போகிறேன். சிரிக்காதே. என் இங்கிலீஷ் பாதி ஆறு தாண்டும், மீதிக்கு நீ வேண்டும். நீதான் எங்கள் வீட்டு மேதை. மதர், கருணை காட்டுங்கள்!

அன்புத் தங்கை,
சோபி

+
ராஞ்சி
15.8.2016, மாதா பரலோகம் போன திருநாள்

அன்புள்ள சோபிக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் நலம். இங்கே விடாத மழை. துணி காயவே மாட்டேன் என்கிறது. அப்பாவின் முட்டிக்கு அம்மாவை எண்ணெய் தேய்க்கச் சொல்.

மதர் அமலோற்பவம் உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் இங்கிலீஷில் வாசித்துக் காட்டினார்கள். ஊசி, நூல் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு மணி நேரம் கைவேலை. மற்றவர்கள் பூப்பின்னல் போடுவார்கள், நீ மொழிபெயர்ப்புப் போடு என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். பாடங்களை அச்செடுத்து அனுப்பு. மூன்று முதல் ஏழு வரை நான் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் உன்னுடையது.

என்னை மேதை என்று எழுதாதே. எனக்கு இங்கிலீஷ் வந்ததே இங்கே வந்த பிறகுதான். ஒரு அறையில் ஆறு பேருக்கு ஆறு மொழி. உப்பு கேட்கக்கூட இங்கிலீஷ்தான். காலேஜில் எனக்கு அவ்வளவு தெரியாது.

இரண்டு காரியம். புத்தகத்தில் என் பெயர் வேண்டாம். அடுத்தது, கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தை எடுத்து அலமாரிக்குள் வைக்கச் சொல். துறவறத்துக்குப் போகிறவளுக்கு அதெல்லாம் அழகில்லை.

உனக்காகத் தினமும் பத்து மணி உருட்டிச் செபமாலை சொல்கிறேன்.

உன் அக்கா,
மரியசெல்வி

+
நெய்வேலி
4.9.2016

அக்கா! அக்கா! அக்கா!

எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாடம் மூன்று முதல் ஏழு வரை இத்துடன் வருகிறது. ஸ்டாம்ப் ஒட்டவே இடம் போதவில்லை.

படத்தை எடுக்கச் சொன்னேன். அப்பா என்னை எடுத்துவிடுவேன் என்கிறார். அந்தப் பேச்சு இனிமேல் வேண்டாம்.

முதல் இரண்டு பாடம் முடிந்துவிட்டது. வெள்ளைக்காரர் உதாரணம் எல்லாம் பனி உருகுவது, சோளக்காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது, வீட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் ஈரம் கசிவது என்றே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அனுமதிதான் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தூக்கிவிட்டு நம் ஊரைப் போட்டுவிட்டேன். ஆலோசகர் யார் தெரியுமா? நம் அப்பாவேதான், திருவாளர் இருதயசாமி, சுரங்கத்துப் பம்பு ஆபரேட்டர்! டீத்தம்ளரும் கையுமாக உட்கார்ந்து வகுப்பே எடுக்கிறார். “நிலக்கரிக்குக் கீழ இருக்கற தண்ணி சும்மா கெடக்காதுடி. கீழ இருந்து முட்டிக்கினே இருக்கும். நாங்க பம்ப நிறுத்தினா மைன்ஸு முழுகிப் பூடும்” என்றார். அதை அப்படியே உதாரணமாக எழுதிவிட்டேன். அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன், தப்பு இருந்தால் திருத்து.

அப்பாவுக்கு ஒரே பெருமை. ஷிப்டில் எல்லோரிடமும் “நான் காலேஜ் புஸ்தகம் எழுதிக்கினு இருக்கறேன்” என்று சொல்லி வைத்திருக்கிறார். அம்மா, “மொதல்ல மளிகைச் சீட்டை எழுதுங்க” என்கிறாள்.

உன் பெயர் வேண்டாம் என்பது நடக்காது. உழைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. நான் சட்டத்தை மீறுகிறவள் இல்லை!

அவசரத்தில்,
சோபி

+
ராஞ்சி
2.10.2016

அன்புள்ள சோபிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க மன்றாடுகிறேன்.

மூன்று, நான்கு, ஐந்து முடிந்தது. நீ அனுப்பிய முதல் இரண்டு பாடத்தையும் இரண்டு முறை படித்தேன். சந்திப்பிழை தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்பாவின் பம்பு உதாரணம் அருமை.

சோபி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் பாடத்தில் ஒரு படம் இருக்கிறதே, இரண்டு களிமண் அடுக்குக்கு நடுவில் அகப்பட்ட மணலும் அதற்குள் தண்ணீரும்? அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது சட்டென்று புரிந்தது. காலேஜில் இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்து வரைந்திருக்கிறேன்! கோடு கோடாக மனப்பாடம். அது என்ன சொல்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் மணி அடித்தது காதில் விழவில்லை. சமையலறையில் என் முறை. பருப்பு தீய்ந்து, முப்பது பேருக்கும் வெறும் மோர்தான். மதர் திட்டவில்லை, “தண்ணீரைப் பற்றி எழுதுகிறவள் பருப்பில் தண்ணீர் ஊற்ற மறக்கலாமா?” என்று மட்டும் கேட்டார்கள்.

உன் காலேஜில் ஒரு விஷயம் விசாரித்துச் சொல். பழைய அரியர் வைத்திருப்பவர்கள் எத்தனை வருஷம் வரை எழுதலாம்? இங்கே ஒரு தோழிக்காகக் கேட்கிறேன். அவசரம் இல்லை.

அன்புடன்,
அக்கா

+
நெய்வேலி
6.11.2016

என் தங்க அக்காவுக்கு,

சுகமா? நாங்கள் சுகத்துக்கும் ஒரு படி மேலே! புத்தகம் நெட்டில் ஏறிவிட்டது!

நீ அனுப்பிய கடைசிக் கட்டு முந்தின வாரப் புதன்கிழமை வந்தது. எங்கள் வகுப்பே உட்கார்ந்து டைப் அடித்தது. மணிமொழி மேடம் சரி பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது மூன்றாம் பாடத்திலிருந்துதான். முதல் இரண்டுக்கு நேரம் இல்லை, “நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டீங்கல்ல?” என்று விட்டுவிட்டார். இன்று பூசை முடிந்து வந்து பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கியிருக்கிறார்கள்! தூத்துக்குடியில் இருந்தெல்லாம்! குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் எங்கள் பையன்கள் போனில் உன் ஐந்தாம் பாடத்தைப் படித்துக்கொண்டு வருகிறார்கள். கண்டக்டர், “இன்னாடா பஸ்ஸு இன்னிக்கி இவ்ளோ அமைதியா வருது?” என்று பயந்துவிட்டார்.

உன் தோழி விஷயம் கேட்டேன். படிப்பு முடிந்து நாலு வருஷம் வரைக்கும் எழுதலாமாம். 2013இல் முடித்தவர்களுக்கு வருகிற ஏப்ரல்தான் கடைசி, அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. பணம் கட்ட மார்ச் பதினைந்து கடைசித் தேதி. உன் தோழி எந்த வருஷம்? நம் காலேஜ் பெண்ணா? ராஞ்சியில் நம் காலேஜ் பெண்ணா! பெயரைச் சொல், எனக்குத் தெரிந்திருக்கும்.

இருபத்து மூன்றாம் தேதி என் பேப்பர். இந்தத் தடவை புத்தகம் எழுதியவளே பரீட்சை எழுதுகிறாள். கேட்கவா வேண்டும்?

வெற்றியின் வாசலில்,
சோபி

+
ராஞ்சி
8.12.2016

அன்புள்ள சோபிக்கு,

நான் நலம். குளிர் தாங்கவில்லை. எல்லோருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய். நானூறு பேர் என்ற வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். என் கையெழுத்தில் இருந்ததை முன்பின் தெரியாதவர்கள் படிக்கிறார்கள்.

நாங்கள் துறவற வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு மே 31 என்று முடிவாகிவிட்டது. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்து வை. இங்கே எல்லோரும் வெள்ளை உடைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு ஒன்றும் இல்லை.

அக்கா

+
நெய்வேலி
8.1.2017

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம், என் மானத்தைத் தவிர. உட்கார்ந்துகொண்டு படி.

ரிசல்ட் வந்துவிட்டது. அரியர் எழுதிய இருபத்தொரு பேரில் பத்தொன்பது பேர் பாஸ்! காலேஜ் சரித்திரத்திலேயே கிடையாதாம். எல்லாம் நம் புத்தகம்தான் என்று மேடம் துள்ளிக் குதிக்கிறார். ஃபெயில் ஆன இரண்டு பேரில் ஒருத்தன் நம் பதினோராம் வட்டத்து ஃபெலிக்ஸ். இன்னொருத்தி, புத்தகம் எழுதியவள். இருபத்தொன்பது மார்க்! ஒரு மார்க்கில் போய்விட்டது அக்கா!

எப்படிப் போனது தெரியுமா? ரிசல்ட்டுக்கு முன்னால், கிறிஸ்மஸ் வாரத்தில் ஒரு மெயில் வந்தது. பல்லடம் பக்கத்திலிருந்து மருதாசலம் என்று ஒரு மாணவர். அப்படியே எழுதுகிறேன்: “ஏனுங்க, உங்க ரெண்டாம் பாடத்துல பூமியத் தொளச்சா தண்ணி தானா மேல எழும்பும், பம்பு வெச்சு அடக்கோணும்னு போட்டிருக்கறீங்க. எங்கூர்ல ஆயரம் அடி போட்டாலும் புழுதிதானுங்க எழும்புது. எங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், அடிக்க வந்துட்டாரு. அந்தப் பம்பு உங்களுக்கு வேண்டாம்னா எங்களுக்கு அனுப்பி வெச்சுருங்க.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம்தான் எனக்கு முகம் வெளுத்தது. நீ மொழிபெயர்த்த ஐந்தாம் பாடத்திலேயே சரியாக இருக்கிறது. மேலேயும் கீழேயும் களிமண் மூடி, நடுவில் அழுத்தத்தோடு அகப்பட்ட தண்ணீர்தான் எழும்பும். சாதாரணக் கிணற்றில் தண்ணீர் இருந்த மட்டத்திலேயே நிற்கும். அதை நானே டைப் அடித்திருக்கிறேன், மண்டையில் ஏறவில்லை! பிறந்ததிலிருந்து கீழிருந்து முட்டுகிற தண்ணீரைப் பற்றியே கேட்டு வளர்ந்த எனக்கு, உலகத்துத் தண்ணீர் எல்லாம் அப்படித்தான் என்று நினைப்பு. அப்பாவிடம் சொன்னேன். “மேல வராத தண்ணியும் இருக்குதா? அது ஏறாம இருக்கறதுக்குத்தானே முப்பது வருசமா எனக்குச் சம்பளம் குடுக்கறான்!” என்றார்.

பரீட்சையில் எட்டு மார்க் கேள்வி: திறந்த கிணறு வெட்டினால் நீர்மட்டம் எப்படி இருக்கும்? நான் பொங்கி வழியும் என்று படம் போட்டு எழுதினேன். ஃபெலிக்ஸும் அதேதான். போன தடவையும் இதே கேள்வி வந்தது, இதே பதிலைத்தான் எழுதியிருந்தேன். குறிஞ்சிப்பாடிப் பிள்ளைகள் வயல் கிணற்றைப் பார்த்தவர்கள், என் இரண்டாம் பாடத்தை நம்பாமல் சரியாக எழுதிவிட்டார்கள்.

மெயில் வந்த அன்றே அரை நாள் அழுதேன். அப்புறம் எழுந்து போய்ப் புத்தகத்தில் அந்த வரியை மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. கடைசிப் பக்கத்தில் “திருத்தம்: பக்கம் 31. சுட்டிக்காட்டியவர் மருதாசலம், பல்லடம். தவறு எங்களுடையது” என்று போட்டுவிட்டேன். ஒருத்தரும் நம்மைக் கேவலமாகப் பேசவில்லை. அடுத்த வாரத்திலேயே இன்னும் மூன்று பேர் வேறு வேறு தப்புகளைக் கண்டுபிடித்து அனுப்பினார்கள். புத்தகம் நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே போகிறது!

எனக்கு இன்னும் ஏப்ரல் இருக்கிறது. அதுதான் கடைசி வண்டி. விட மாட்டேன்.

சோபி

+
ராஞ்சி
5.2.2017

அன்புள்ள சோபிக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த வரியை நானும்தான் இரண்டு முறை படித்தேன். ஐந்தாம் பாடத்தை எழுதிய கையாலேயே உன் இரண்டாம் பாடத்தில் சந்திப்பிழை திருத்தினேன். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அந்தக் கிணற்றுக் கேள்வி எங்களுக்கும் வந்தது. நானும் பொங்கி வழியும் என்றுதான் எழுதினேன்.

தவறு எங்களுடையது என்று எழுத உனக்கு எப்படித் தைரியம் வந்தது? ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையா? நிஜமாகவா?

ஏப்ரலுக்கு நன்றாகப் படி.

அக்கா

+
நெய்வேலி
19.2.2017

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறாய்? காய்ச்சலா?

ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, நிஜமாகத்தான். மருதாசலம் மட்டும் நன்றி சொல்லி, பம்பு எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்.

நீயும் பொங்கி வழியும் என்றா எழுதினாய்? அப்புறம் எப்படிப் பாஸ் போட்டார்கள்? உன் பேப்பரைத் திருத்தியவர் நெய்வேலிக்காரரா? எனக்கும் அவரையே பிடித்துக் கொடு!

பெரிய செய்தி: புத்தகத்தை ஐம்பது பிரதி அச்சடித்து நூலகத்தில் வைக்கப் போகிறோம். வீட்டுக்குக் கொடுப்பார்கள், யாரும் கிழிக்க வேண்டியதில்லை. அட்டையின் உள்பக்கத்தை நேற்று வடிவமைத்தேன். “மொழிபெயர்ப்பு: இ. சோபியா. இ. மரியசெல்வி, பி.எஸ்சி.” என் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, உனக்காவது இருக்கட்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அப்பா அதை மூன்று முறை தடவிப் பார்த்தார். மார்ச் கடைசியில் அச்சுக்குப் போகிறது. சரி என்று ஒரு வரி எழுது.

சோபி

+
ராஞ்சி
4.3.2017

சோபியாவுக்கு ஆசீர்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் எங்கள் மடத்தில் கடிதம் எழுதுவதில்லை. விதியை வைத்த நானே மீறுகிறேன். நீ சுகமாக இருப்பாய்.

நாவிஸ்களுக்கு வருகிறதையும் அவர்கள் அனுப்புகிறதையும் படிப்பது என் கடமை. பலருக்கு அது பிடிக்காது. ஆனால் இரண்டு பக்கத்துக் கடிதத்தையும் படிக்கிறவள் நான் ஒருத்திதான். அந்தத் தோழி யார் என்று நீ நவம்பரில் கேட்டாய். டிசம்பர் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. எங்கள் மடத்தில் உங்கள் காலேஜில் படித்தவள் ஒருத்திதான். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை; கூடையில் கிழித்த தாள்கள் கிடந்தன. ஐந்தாம் நாள் அவளே என் அறைக்கு வந்தாள்.

அவள் எழுதியது இத்துடன் இருக்கிறது. அதை நான் படிக்கவில்லை. இந்த வீட்டிலிருந்து நான் படிக்காமல் போகும் முதல் கடிதம் அது.

உங்கள் காலேஜ் இணையதளத்திலிருந்து பரீட்சை விண்ணப்பத்தை நானே இறக்கி, அவளிடம் கையெழுத்து வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச் பதினைந்தை மறக்காதே.

சிஸ்டர் அமலோற்பவம்

(உள்ளே இருந்த கடிதம்)

சோபி,

என் பெயருக்குப் பின்னால் இருப்பதை எடுத்துவிடு. நான் பி.எஸ்சி. இல்லை.

மூன்று பேப்பர் நிற்கிறது. நிலத்தடி நீரியல் அதில் ஒன்று. அந்தப் படம் ரிசல்ட்டுக்கு முன்னால் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஸ்டுடியோவில் அங்கியை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டது. கையில் சுருட்டி வைத்திருப்பது ஸ்டுடியோக்காரர் கொடுத்த வெள்ளைத் தாள். ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்கு வந்தேன். அப்பா அந்தப் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். “மொத பட்டதாரி வந்துட்டா” என்று அம்மாவைக் கூப்பிட்டார். சர்டிபிகேட்டை மடத்துக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பொய் சொன்னேன். அடுத்த மாதம் இங்கே வந்துவிட்டேன்.

மூன்று வருஷம் எனக்கு ஒரு பக்கம்கூடப் புரியவில்லை, சோபி. ஸ்கூலில் தமிழில் படித்துவிட்டு வந்தவள். கேட்கவும் வெட்கம். மக்கு என்றுதான் என்னை நினைத்துக்கொண்டேன். போன அக்டோபரில்தான் நான் மக்கு இல்லை என்று தெரிந்தது. பருப்பு தீய்ந்த அன்றைக்கு.

ஆண்டவர் கூப்பிட்டது உண்மை. பயந்து ஓடி வந்ததும் உண்மை. எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. மதரிடம் அதைத்தான் சொன்னேன். “பயந்து ஓடி வந்தவளின் வார்த்தைப்பாட்டை ஆண்டவர் ஏற்றுக்கொள்வார், அவர் இளகின மனசுக்காரர். நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். போய்ப் பரீட்சை எழுது. அப்புறமும் வரவேண்டும் போல் இருந்தால் வா. ஒரு வருஷம் தள்ளிப் போனால் குடி முழுகிப் போகாது” என்றார்கள்.

அப்பாவிடம் நீ சொல்ல வேண்டாம், நானே வந்து சொல்கிறேன் என்று எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நீயே சொல். நம் வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை.

செல்வி

+
நெய்வேலி
11.3.2017

என் அக்காவுக்கு, என் சொந்த அக்காவுக்கு,

நான் சுகமாக இல்லை. இரண்டு நாளாக அழுகையும் சிரிப்புமாக வருகிறது. நீ சுகமாக இருக்க வேண்டும். இனிமேலாவது தட்டு நிறையச் சாப்பிடு. மதர், நீங்கள் இதைப் படிக்கலாம். படித்தே ஆக வேண்டும்!

என்னை முதலில் நாலு அறை விடு. நான் என்ன தங்கை! அப்பா படத்தைக் காட்டிக் காட்டி என்னைத் திட்டியபோதெல்லாம் உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் இதற்கான குறிப்பு இருந்ததே. எனக்கு ஒரு எழவும் தெரியவில்லையே!

விண்ணப்பத்தை நேற்றே ஆபீஸில் கொடுத்துவிட்டேன். கிளார்க், “2013 பேட்சா? கடைசி நேரத்துல வந்தீங்கம்மா” என்று முத்திரை குத்தினார். ரசீதை அம்மா மாதா சுரூபத்தின் காலடியில் வைத்திருக்கிறாள்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உன் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். எழுந்து போய் உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். எனக்கு உயிரே போய்விட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஆணி அடிச்சிக்கினு இருந்தேன். புள்ள மொகத்தப் பாக்காம உட்டுட்டேனே” என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அக்கா. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் எழுந்து அதே ஆணியில் திரும்ப மாட்டிவிட்டார். “போட்டோவ முன்னாடி எடுத்துட்டோம், பரீச்சைய பின்னாடி எழுதறா. அவ்ளோதானே?” என்றார்.

அவ்வளவுதான் அக்கா! நாலு வருஷமாக நீ சுமந்தது அவ்வளவுதான்!

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறு, காட்பாடியில் இறங்கு. அப்பா லீவு போட்டுவிட்டு அங்கே நிற்பார். முட்டிவலி போன இடம் தெரியவில்லை. அரியர் ஹால் நம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஏப்ரல் இருபது. கிணற்றுக் கேள்வி கட்டாயம் வரும் என்று மேடம் சொல்கிறார். பொங்கி வழியும் என்று எழுதினாயோ, பக்கத்துப் பெஞ்சிலிருந்து எட்டி உதைப்பேன்.

அட்டையை அச்சகத்திலிருந்து வாங்கி நீ சொன்னபடி மாற்றிவிட்டேன். இப்போது “இ. சோபியா, இ. மரியசெல்வி” என்று மட்டும்தான் இருக்கிறது. நெட்டில் இருக்கும் பிரதியிலும் பட்டத்தை எடுத்தாகிவிட்டது. ஜூனில் ரிசல்ட் வந்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். பத்து நிமிஷ வேலை.

உன் தங்கை,
சோபி